சேகரமும் ஜமாஅத்தும் முதல்முறையாக உட்கார்ந்து பேச என்ன தயாரிப்பு வேண்டும்?

நெல்லை வாலிபர் ஐக்கியம்:

எங்கள் சேகரத்து (ஒரு போதகரின் பொறுப்பில் உள்ள சபைகளின்) பெரியவர்களும் பக்கத்துத் தெருப் பள்ளிவாசல் ஜமாஅத் பெரியவர்களும் பேசி, இரு தரப்பிலும் பதினைந்து பேர் வீதம் ஒரு நாள் உட்கார்ந்து அவரவர் மார்க்கத்தைப் பற்றி மனம்விட்டுப் பேசலாம் என்று முடிவாகியிருக்கிறது. எங்கள் சபைப் போதகரான ஐயரும் சம்மதித்துவிட்டார், ஜமாஅத் செயலாளரும் சரி சொல்லிவிட்டார். ஆறு வாரம் கையில் இருக்கிறது. ஏற்பாடு முழுக்க வாலிபர் ஐக்கியத்தின் பொறுப்பு.

இப்போதே எங்கள் குழுவில் ஒருவர், "திரித்துவத்தைப் பற்றி, அதாவது ஒரே தேவன் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று எப்படி என, கேட்டால் வாயடைக்கிற மாதிரி பதில் தயார் செய்யணும்" என்கிறார். யூடியூபில் ஓடும் கிறிஸ்தவ - முஸ்லிம் விவாத வீடியோக்களைப் பார்த்துக் குறிப்பெடுக்கலாம் என்கிறார் இன்னொருவர். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆனால் அதற்குப் பதிலாக என்ன செய்வது என்றும் தெரியவில்லை. எந்தத் தலைப்பில் ஆரம்பிப்பது, எந்த நேரத்தில் வைப்பது, ஜெபத்தோடு தொடங்கலாமா, எங்கள் ஆட்கள் முன்கூட்டியே எதைப் படித்துவிட்டு வர வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

மேலப்பாளையம் வாசகர்:

சகோதரரே, வீடியோ பார்த்துக் குறிப்பெடுப்பதை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். எதிராளியின் பலவீனம் எங்கே என்று தேடுவது விவாத மேடைக்கான தயாரிப்பு. நீங்கள் கூட்டப்போவது அதுவல்ல. எதிரே இருப்பவர் என்ன நம்புகிறார் என்பதை அவரே "ஆமாம், நான் நம்புவது இதுதான்" என்று ஒப்புக்கொள்ளும்படி உங்களால் சொல்ல முடிய வேண்டும். அதுவரைக்கும் உங்கள் தயாரிப்பு முடியவில்லை. வேதம் கொடுக்கப்பட்டவர்களோடு அழகிய முறையிலேயே தவிர தர்க்கம் செய்யாதீர்கள் என்று எங்களுக்குக் குர்ஆன் 29:46 சொல்கிறது. உங்கள் பக்கத்தில் 1 பேதுரு 3:15, பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள், அதைச் சாந்தத்தோடு சொல்லுங்கள் என்கிறது. இந்த இரண்டையும் அழைப்பிதழிலேயே போட்டுவிடுங்கள்.

ஆறு வாரத்தை இப்படிப் பிரிக்கலாம். முதல் வாரம் இரு தரப்பிலும் மூன்று மூன்று பேர் கொண்ட கூட்டுக் குழு அமைய வேண்டும். சேகரம் ஏற்பாடு செய்து ஜமாஅத்தை விருந்தாளியாகக் கூப்பிடுவது போல் நடந்தால் ஆரம்பமே கோணல். வருபவர் அந்த நாள் முழுக்கக் கூச்சத்தோடு இருப்பார், இல்லையென்றால் தற்காப்போடு இருப்பார். செலவையும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள், தொகை சின்னதாக இருந்தாலும்.

இரண்டாம் வாரம் அந்த ஆறு பேரும் ஒரு பக்க உடன்படிக்கை எழுத வேண்டும். கைப்பிரதி, இலவச நூல், சிடி எதுவும் கொடுப்பதில்லை. யாருடைய கைபேசி எண்ணையும் வாங்கிப் பிறகு செய்தி அனுப்புவதில்லை. ஒலி, ஒளிப்பதிவு கிடையாது, முகநூல் நேரலை கிடையாது. கடைசியில் எல்லோரும் சம்மதித்தால் ஒரே ஒரு குழுப்படம். இதில் எதையும் வாய்ப்பேச்சில் விடாதீர்கள். நம்மூரில் இப்படிப்பட்ட சந்திப்புகள் கெடுவது பெரும்பாலும் கூட்டத்துக்குள் அல்ல, மறுநாள் வாட்ஸ்அப்பில். இரண்டு மணி நேரப் பேச்சில் முப்பது விநாடியை வெட்டி "பாய் திணறினார்", "பாதிரியார் மாட்டிக்கிட்டார்" என்று தலைப்புப் போட்டு யாராவது பரப்பினால் அடுத்த சந்திப்பு நடக்காது.

உடன்படிக்கையில் அவசியம் இருக்க வேண்டிய இன்னொன்று: மதம் மாறி வந்தவரை எந்தத் தரப்பும் பேச்சாளராகக் கொண்டுவரக் கூடாது. அவருடைய நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவர் எழுந்து நின்றாலே மறுதரப்புக்கு "நீங்களும் இப்படி வாருங்கள்" என்றுதான் கேட்கும். கட்சிப் பொறுப்பில் இருப்பவர்களும் முதல் கூட்டத்துக்கு வேண்டாம்.

நேரத்துக்கு வருகிறேன். மாலை வைக்காதீர்கள். ஷாபி, ஹனஃபி என்ற இரண்டு மத்ஹபுகளுக்கும் (மார்க்கச் சட்டப் பிரிவுகளுக்கும்) அஸர் என்ற பிற்பகல் தொழுகை நேரம் நம் பகுதியில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் வித்தியாசப்படும். அது முடிந்து உட்கார்ந்தால் பேச்சு சூடு பிடிக்கும்போது சூரியன் மறைந்ததும் தொழும் மஃரிப் வந்துவிடும். பாதிப் பேர் எழுந்து போக, மீதிப் பேர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வெள்ளி எங்களுக்கு ஆகாது, ஞாயிறு காலை உங்களுக்கு ஆகாது. சனிக்கிழமை காலை 10 மணிக்குத் தொடங்கி 12.10க்கு முடித்தால் ளுஹர் என்ற நண்பகல் தொழுகைக்கு நிதானமாகப் போகலாம். இடம் பள்ளிக்கூட வகுப்பறையோ சமுதாயக் கூடமோ போதும். ஆலயத்தையும் பள்ளிவாசலையும் அடுத்தடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

---

வேதபாட ஆசிரியர்:

தலைப்பைப் பற்றிச் சொல்கிறேன். முதல் சந்திப்பில் திரித்துவமும் வேண்டாம், சிலுவையும் வேண்டாம், வேதம் திருத்தப்பட்டதா என்ற கேள்வியும் வேண்டாம். அவை முக்கியமானவை என்பதால்தான் தள்ளிவைக்கச் சொல்கிறேன். சிலுவை மரணத்தைக் குர்ஆன் 4:157 மறுக்கிறது. 1 கொரிந்தியர் 15:3 அதை நம் விசுவாசத்தின் அஸ்திவாரமாக வைக்கிறது. ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுமளவுக்குக்கூடப் பழகாத முப்பது பேர் அதை இரண்டு மணி நேரத்தில் தொட்டால் காயம்தான் மிஞ்சும்.

என் தேர்வு யோசேப்பு. ஆதியாகமம் 37 முதல் 50 வரை நீளும் சரித்திரம் அது. குர்ஆனில் 12ஆம் அத்தியாயம், 111 வசனங்கள், ஏறக்குறைய முழுவதும் யூசுஃப் நபியின் வரலாறுதான். குர்ஆனில் ஒரு நபியின் வாழ்க்கை ஒரே இடத்தில் தொடக்கம் முதல் முடிவு வரை இவ்வளவு விரிவாக வருவது இங்கேதான். ஆகவே இரு தரப்பும் தங்கள் வேதத்தை விரித்துவைத்து ஒரே ஆளைப் பற்றிப் பேச முடியும். முழுக்கதையையும் எடுக்காதீர்கள். ஆதியாகமம் 45:1-15, குர்ஆன் 12:88-100, இவ்வளவு போதும். தனக்குத் தீங்கு செய்த சகோதரர்களுக்கு முன்னால் யோசேப்பு தன்னை வெளிப்படுத்தும் இடம். "ஜீவரட்சணை செய்யும்படிக்கு தேவன் என்னை அனுப்பினார்" என்கிற பொருளில் ஆதியாகமத்தில் பேசுகிறார். "இன்று உங்கள் மீது எந்தக் குற்றச்சாட்டும் இல்லை" என்கிற பொருளில் குர்ஆனில் பேசுகிறார். மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டால் பாகப்பிரிவினையில் முறைத்துக்கொண்டிருக்கும் அண்ணன் தம்பி வரைக்கும் பேச்சு இறங்கி வரும்.

வித்தியாசங்களை மறைக்க வேண்டாம், அவைதான் ருசி. ஆதியாகமத்தில் யோசேப்பின் எகிப்திய எஜமான் போத்திபாரின் மனைவி, யோசேப்பு தன்னிடம் தவறாக நடக்க வந்தார் என்று பொய் சொல்லி, அவருடைய வஸ்திரத்தை அவருக்கு எதிரான சாட்சியாகக் காட்டுகிறாள். குர்ஆனில் சட்டை பின்பக்கம் கிழிந்திருப்பதே அவர் குற்றமற்றவர் என்பதற்குச் சாட்சியாகிறது. ஆதியாகமத்தில் இரத்தம் தோய்ந்த அங்கியைப் பார்த்து யாக்கோபு மகன் செத்தான் என்றே நம்பிவிடுகிறார். குர்ஆனில் தகப்பனார் அந்த இரத்தத்தை நம்பவில்லை, அழகிய பொறுமையைக் கைக்கொள்வதாகச் சொல்லிக் காத்திருக்கிறார். ஒவ்வொன்றும் நல்ல கேள்வி: நம்பிக்கை இழந்த தகப்பனும் காத்திருந்த தகப்பனும் நமக்கு என்ன சொல்கிறார்கள்?

இந்த இடத்தில் பேச்சு முறியும் வாக்கியங்கள் இரண்டு உண்டு. நம் ஆள் "குர்ஆன் பைபிளிலிருந்து எடுத்தது" என்பார். அவர்கள் ஆள் "பைபிளில் தவறாகிப்போனதைத் திருத்தத்தான் குர்ஆன் வந்தது" என்பார். இரண்டும் அவரவர் உண்மையாக நம்புவதுதான், ஆனால் எது சொல்லப்பட்டாலும் அதற்குப் பிறகு யாரும் வசனத்தைப் பார்க்க மாட்டார்கள். மேசையை நடத்துபவர் "அதை இன்னொரு நாளைக்கு எழுதி வைத்துக்கொள்வோம்" என்று உண்மையாகவே ஒரு தாளில் குறித்துவிட்டு, வசனத்துக்குத் திரும்ப வேண்டும். அந்தத் தாள் பிற்பாடு கூட்டுக் குழுவின் கைக்குப் போக வேண்டும். எழுதாமல் சமாளித்தால் பேசியவர் அவமானப்பட்டதாக நினைப்பார்.

முப்பது பேரும் வட்டமாக உட்காரக் கூடாது. நான்கு பேர் பேசுவார்கள், இருபத்தாறு பேர் பார்ப்பார்கள். ஐந்து மேசை, மேசைக்கு ஆறு பேர், மூன்றும் மூன்றுமாக. அந்த ஆறு பேரில் ஒருவர் நடத்துநர். ஐந்து நடத்துநர்களும் இரு தரப்பிலிருந்தும் கலந்து வரட்டும், ஐந்தாம் வாரத்தில் ஒன்றரை மணி நேரம் சேர்ந்து உட்கார்ந்து பயிற்சி செய்யட்டும். வரவேற்பு 10 நிமிடம், உடன்படிக்கையை வாசிக்க 5, இரண்டு வேதப்பகுதிகளையும் அந்தந்தத் தரப்பே உரக்க வாசிக்க 15, மேசைப் பேச்சு 50, தேநீர் 20, எழுதிக் கொடுத்த கேள்விகள் 25, முடிக்க 5. மேசையில் ஒரு சுற்றில் ஒருவருக்கு இரண்டு நிமிடம். அடுத்துப் பேசுபவர், முன்னால் பேசியவர் சொன்னதை ஒரு வாக்கியத்தில் திருப்பிச் சொல்லி, "சரியா?" என்று கேட்டுவிட்டுத்தான் தன் கருத்தைச் சொல்ல வேண்டும். முதல் சுற்றில் இது செயற்கையாக இருக்கும். இரண்டாம் சுற்றில், எவ்வளவு அரைகுறையாகக் கேட்டுக்கொண்டிருந்தோம் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

நான்காம் வாரத்தில் நம் ஆட்களுக்குத் தனியாக ஒரு வகுப்பு வையுங்கள். பதினைந்து பேரும் குர்ஆனின் 12ஆம் அத்தியாயத்தைத் தமிழில் முழுதாக வாசித்துவிட்டு வர வேண்டும். ஸ்டாக்ஹோம் பேராயராக இருந்த கிறிஸ்டர் ஸ்டெண்டால் 1985இல் மூன்று விதி சொன்னார். ஒரு மதத்தைப் பற்றித் தெரிய வேண்டுமானால் அதைப் பின்பற்றுபவரைக் கேள், அதன் எதிரியைக் கேட்காதே. உன்னிடம் உள்ள சிறந்ததை அவர்களிடம் உள்ள மோசமானதோடு ஒப்பிடாதே. அவர்களிடம் கண்டு நீ ஆசைப்படும் ஒன்றுக்கு மனதில் இடம் வை. இரண்டாவதுதான் நம் ஆட்கள் அதிகம் தவறும் இடம். இயேசுவின் மலைப்பிரசங்கத்தை எடுத்து எங்கோ நடந்த ஒரு போரோடு ஒப்பிடுவார்கள். வேதத்தை வேதத்தோடு ஒப்பிடுங்கள், நடப்பை நடப்போடு ஒப்பிடுங்கள்.

திரித்துவம் தலைப்பில் இல்லாவிட்டாலும் தேநீர் நேரத்தில் யாராவது நல்ல மனதோடு கேட்பார்கள், அதற்கு மூன்று நிமிட விளக்கம் தயாராக இருக்கட்டும். ஆனால் தண்ணீர் - பனிக்கட்டி - நீராவி உவமையை மட்டும் சொல்லாதீர்கள். ஒரே கடவுள் மூன்று வேடம் போடுகிறார் என்றாகிவிடும். திருச்சபை அந்தப் போதனையை ஆதியிலேயே தள்ளிவிட்டது. "ஒரே தேவனை விசுவாசிக்கிறேன்" என்றுதான் நிசேயா விசுவாசப் பிரமாணம் தொடங்குகிறது. அங்கிருந்து ஆரம்பியுங்கள். தெரியாத கேள்விக்கு "எங்கள் ஐயரிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்பது முழுமையான பதில்.

---

தூத்துக்குடி பங்கு உறுப்பினர்:

தொடக்க ஜெபம் பற்றி யாரும் சொல்லவில்லையே. 1986 அக்டோபர் 27 அன்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் பல சமயத் தலைவர்களை அசிசிக்கு அழைத்தபோது கடைப்பிடித்த முறை இங்கும் உதவும். எல்லோரும் ஒரே ஊரில் கூடினார்கள், ஆனால் அவரவர் முறையில் அவரவர் செபித்தார்கள். எல்லாருக்குமாக ஒரே செபத்தை யாரும் சொல்லவில்லை. உங்கள் ஐயர் எழுந்து "இயேசுவின் நாமத்தில்" என்று முடித்தால், எதிரே இருப்பவர் ஆமீன் சொன்னாலும் சங்கடம், சொல்லாவிட்டாலும் சங்கடம். ஒரு நிமிட மௌனம் போதும். அதற்கு மேல் வேண்டும் என்றால், ஒருவர் தன் வேதத்திலிருந்து வாசிக்கிறார், மற்றவர்கள் கேட்கிறார்கள் என்று தெளிவாக அறிவித்துவிடுங்கள்.

தலைப்புக்கு நான் மரியாவைச் சொல்வேன். குர்ஆனில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படும் ஒரே பெண் மர்யம்தான், 19ஆம் அத்தியாயம் அவர் பெயரிலேயே இருக்கிறது. லூக்கா 1:26-38, குர்ஆன் 19:16-26 இரண்டையும் அருகருகே வைத்தால் பெண்கள் மேசையில் பேச்சு நிற்கவே நிற்காது. பேரீச்ச மரத்தடியில் தனியாகப் பிரசவ வேதனைப்படும் மர்யம், சத்திரத்தில் இடமில்லாமல் நின்ற மரியா. மரியாவை மதிக்கிற முஸ்லிம்களைப் பற்றி 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமே எழுதியிருக்கிறது.

---

வேதபாட ஆசிரியர்:

மரியாள் நல்ல தலைப்புதான், மூன்றாவது நான்காவது சந்திப்பில் கட்டாயம் வையுங்கள். முதலில் வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. குர்ஆன் 19:28இல் மர்யமை "ஹாரூனின் சகோதரியே" என்று அழைப்பதை வைத்து, மோசேயின் அண்ணன் ஆரோன் (ஹாரூன்) மரியாளுக்குப் பல நூற்றாண்டு முந்தியவராயிற்றே என்று நம் பக்கத்தில் கேலி செய்யும் பழக்கம் இருக்கிறது. அரேபியாவின் நஜ்ரான் ஊர்க் கிறிஸ்தவர்கள் இதே கேள்வியைக் கேட்டதாகவும், முன்னோர்களான நபிமார்களின் பெயரை வைத்துக்கொள்ளும் வழக்கம் அது என்று நபி விளக்கியதாகவும் ஸஹீஹ் முஸ்லிம் என்ற நபிமொழித் தொகுப்பில் ஹதீஸ் இருக்கிறது. அது தெரியாத நம் இளைஞர் ஒருவர் ஏதோ புதிதாகக் கண்டுபிடித்தது போல் எழுந்து கேட்டால் அன்றைய மேசை போச்சு. அதேபோல் குர்ஆன் 5:116ஐ வைத்து, நாம் மரியாளையும் தெய்வமாகச் சேர்த்து மூவராக வணங்குகிறோம் என்று அவர்களில் சிலர் நினைத்திருக்கலாம். இரண்டும் பேசித் தீர்க்கக்கூடியவை. ஆனால் அதற்குக் கொஞ்சம் பழக்கம் வேண்டும்.

இரண்டாவது சந்திப்புக்கு மாற்கு 12:29-31, குர்ஆன் 3:64 எடுக்கலாம். 2007 அக்டோபர் 13 அன்று 138 முஸ்லிம் அறிஞர்கள் உலகக் கிறிஸ்தவத் தலைவர்களுக்கு எழுதிய திறந்த கடிதம், தேவனிடத்தில் அன்பு, பிறனிடத்தில் அன்பு என்ற இந்த இரண்டின் மேல்தான் நின்றது.

---

நெல்லை வாலிபர் ஐக்கியம்:

யோசேப்பு என்றே முடிவு செய்கிறோம். இன்னும் இரண்டு கேள்விகள். ஒன்று, குண்டுவெடிப்பு, தீவிரவாதம் பற்றிக் கேட்டே தீருவேன் என்று எங்கள் பக்கத்தில் ஒரு பெரியவர் பிடிவாதமாக இருக்கிறார். இரண்டு, பெண்களை எப்படி உட்காரவைப்பது, சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

---

மட்டக்களப்பு:

முதல் கேள்விக்கு நான் சொல்லுறன் தம்பி. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று குண்டு வெடித்த மூன்று தேவாலயங்களில் ஒன்று எங்கட நகரத்துச் சீயோன் தேவாலயம். அதற்கு அடுத்த மாதம் மினுவாங்கொடையில முஸ்லிம் ஆக்களின்ர கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அதுக்கும் முன்னம், 1990 ஆகஸ்ட்டில காத்தான்குடிப் பள்ளிவாசல்களில தொழுதுகொண்டிருந்த ஆக்கள் கொல்லப்பட்டார்கள். அதனால இஞ்ச சமயத்தைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினாலே இந்த நினைவுகள் எல்லாம் அந்த அறைக்குள்ள வந்து குந்திவிடும்.

அந்தப் பெரியவரின்ர கேள்வியைத் தடுக்க வேண்டாம், ஆனா வடிவத்தை மாத்தச் சொல்லுங்கோ. "உங்கட ஆக்கள் ஏன் இப்படிச் செய்தவை?" எண்டு கேட்டால், அந்தக் குற்றத்தோட ஒரு சம்பந்தமும் இல்லாத உங்கட தெருக் கடைக்காரர் குற்றவாளிக் கூண்டில ஏறுகிறார். அவர் கண்டிச்சால் "போதாது" எண்டு தோன்றும், பேசாமல் இருந்தால் "ஒத்துக்கொள்ளுறார்" எண்டு தோன்றும். எந்தப் பதிலும் அவருக்கு வெளியேற வழி விடாது. "அந்தச் செய்தியைக் கேட்ட அண்டைக்கு எனக்குப் பயமாக இருந்தது, உங்களுக்கு எப்படி இருந்தது?" எண்டு கேட்டால் அவரும் தன்ர பயத்தைச் சொல்லுவார். அந்த நாட்களில முக்காடு போட்ட பெண்பிள்ளைகள் பஸ்ஸில ஏறப் பயந்த கதையெல்லாம் அப்பதான் வெளியில வரும்.

முதல் நாளில இதுக்கெண்டு நேரம் ஒதுக்காதேங்கோ. ஆனா நடத்துநர்மார் ஐந்து பேருக்கும் இது வரும் எண்டு தெரிஞ்சிருக்கவேணும். யாரையும் தங்கட முழுச் சமூகத்துக்காகவும் மன்னிப்புக் கேட்கவைக்கக் கூடாது எண்டதை உடன்படிக்கையிலயே எழுதிவிடுங்கோ. இது இரண்டு பக்கத்துக்கும்தான். 2019 மார்ச் 15இல நியூசிலாந்தின்ர கிறைஸ்ட்சர்ச் நகரத்துப் பள்ளிவாசல்களில 51 பேர் கொல்லப்பட்டதுக்கு உங்கட சபை பதில் சொல்லவேணுமோ?

---

மேலப்பாளையம் வாசகர்:

மட்டக்களப்புச் சகோதரர் சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், அதில் சேர்க்க எனக்கு ஒன்றுமில்லை. இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்.

பெண்களை எப்படி உட்காரவைப்பது என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். கூட்டுக் குழுவில் இரு தரப்பிலும் ஒரு பெண்ணாவது இருக்கட்டும், அவர்கள் சொல்லட்டும். பெரும்பாலும் ஒரே கூடத்தில் பெண்களுக்குத் தனியாக இரண்டு மேசை, பெண் நடத்துநர்கள் என்பதுதான் எல்லோருக்கும் இயல்பாக இருக்கும். தடுப்புக்குப் பின்னால் தள்ளிவிட்டால் பொது நேரத்தில் அவர்கள் கேள்வி காதில் விழாது. எதிர்ப்பாலாரிடம் கை நீட்ட வேண்டாம் என்று உங்கள் ஆட்களிடம் சொல்லிவையுங்கள். நெஞ்சில் கைவைத்துத் தலையசைத்தால் போதும். "ஸலாம்" சொல்லலாமா என்று தயங்க வேண்டாம், "வணக்கம்" சொன்னாலும் யாரும் கோபிக்கப்போவதில்லை. நாங்கள் ஈசா நபி என்போம், நீங்கள் இயேசு கிறிஸ்து என்பீர்கள். யாரும் யாரையும் திருத்த வேண்டாம். முஹம்மது நபியைப் பற்றிப் பேசும்போது வெறும் பெயரைச் சொல்லாமல் "நபி" என்று சேர்த்துச் சொன்னால் எங்கள் பெரியவர்களுக்கு மனம் குளிரும்.

சாப்பாட்டில் இறைச்சியே வேண்டாம். ஹலால் கடையில் வாங்கினால் எங்களுக்குப் பிரச்சினை தீரும், ஆனால் உங்களில் சிலர் பிற மதத்தார் ஓதி அறுத்ததைச் சாப்பிடத் தயங்குவார்கள், குறிப்பாக பெந்தெகொஸ்தே சபைகளிலிருந்து வருபவர்கள். சுண்டல், மெதுவடை, தேநீர் என்று வைத்தால் இரண்டு தயக்கமும் இல்லை. பேக்கரி கேக் வாங்குவதாக இருந்தால் ரம் சேர்த்த பிளம் கேக்கா, ஜெலட்டின் சேர்ந்ததா என்று கேட்டு வாங்குங்கள். ரமளானிலும் புனித வெள்ளி வாரத்திலும் தேதி வைக்காதீர்கள்.

கடைசியாக, வேதப்பகுதி அச்சிடும் தாள். குர்ஆன் பகுதியைத் தமிழில் மட்டும் அச்சிடுங்கள். அரபு மூலம் இருந்தால் உளூ (தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவும் சுத்தம்) இல்லாமல் தொடலாமா, தரையில் வைக்கலாமா என்று எங்கள் ஆட்களுக்கே நெருடலாக இருக்கும். எந்த மொழிபெயர்ப்பு என்பதை எங்கள் தரப்பு தேர்ந்தெடுக்கட்டும், பைபிள் பகுதியை நீங்கள் தேர்ந்தெடுங்கள். சில தமிழாக்கங்களில் அடைப்புக்குறிக்குள் மொழிபெயர்ப்பாளரின் விளக்கம் சேர்ந்திருக்கும். அதில் மறுதரப்பைக் குத்தும் சொல் ஏதாவது இருக்கிறதா என்று கூட்டுக் குழு அச்சுக்கு முன் வாசித்துப் பார்க்க வேண்டும். உங்கள் ஆட்கள் பைபிளில் அடிக்கோடு போட்டுப் படிப்பார்கள், அதே பழக்கத்தில் குர்ஆன் தாளிலும் பேனாவை வைத்தால் சிலருக்கு மனம் நோகும். குறிப்பெழுத வெற்றுத்தாள் தனியாகக் கொடுங்கள். முடிந்ததும் வேதப்பகுதித் தாள்களை எண்ணித் திரும்ப வாங்கி, எங்கள் தரப்பில் ஒருவரிடம் ஒப்படையுங்கள். மேசையில் மீந்த வடை எண்ணெய் பட்ட காகிதத்தோடு அது குப்பைக்கூடையில் கிடப்பதை இமாம் பார்க்கும்படி ஆகிவிடக் கூடாது.

அடுத்த சந்திப்பின் தேதியை அங்கேயே குறிக்காதீர்கள். இரண்டு வாரம் கழித்து அந்த ஆறு பேரும் கூடி, தாளில் எழுதிவைத்த கேள்விகளை எடுத்துவைத்து, எதை அடுத்து எடுக்கலாம், எதற்கு இன்னும் பழக்கம் வேண்டும் என்று பிரித்த பிறகு குறியுங்கள்.